உச்சிக் கூப்பாடு

செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் கால் ஆறிப் போவதற்கென்று, பெரிய குளத்தின் கீழ்க்கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு கிணறு, வாசலுக்கு எதிரே ஒரு பாறை. அவ்வளவுதான்.

மடத்தை நடத்தி வந்தவள் வடிவம்மை. குரு என்று சொல்லிக்கொள்ள அவளிடம் தாடியும் இல்லை, தண்டமும் இல்லை. நாற்பது வயதுப் பெண்பிள்ளை. காவிச் சேலை சாயம் போய்விடுகிறது என்று வெள்ளைதான் கட்டுவாள். ஆனாலும் மனசு குழம்பிப் போனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். வந்தவர்களுக்கு முதலில் சோறு போடுவாள். பாதிப் பேர் சாப்பிட்டு முடித்ததும் கேட்க வந்ததை மறந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சிஷ்யர் சொரிமுத்துவுக்கு அறுபது நெருங்கிவிட்டது. குரு அவரை "அண்ணாச்சி" என்பாள். அவர் குருவை "அம்மா" என்பார். இதில் இருவருக்குமே எந்தச் சங்கடமும் இருக்கவில்லை.

சொரிமுத்து ஆட்டுக்காரராக இருந்தவர். வானம் பொய்த்த முதல் வருஷம், "ஆட்டை வித்துருவோம்" என்று அவர் மனைவி முப்பிடாதி படித்துப் படித்துச் சொன்னாள். "ஐப்பசியில பெய்யாமலா போயிரும்?" என்றார் சொரிமுத்து. ஐப்பசி போனது. கார்த்திகையும் போனது. அவர் கும்பிடாத சாமி இல்லை. ஆடுகள் ஒவ்வொன்றாகக் காலை நீட்டின. கடைசி ஆட்டைப் புதைத்த அன்று முப்பிடாதி சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"உம்ம நம்பிக்கையை மேஞ்சு ஒரு ஆட்டுக்காச்சும் வயிறு ரொம்புச்சா?" என்று கேட்டாள். பிறகு மேலக்கரையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

சொரிமுத்து மடத்துக்கு வந்தார். ஏன் வந்தீர் என்று கேட்டால், ஞானம் தேடி வந்ததாகச் சொல்வார். மடத்துப் பாறை மேல் ஏறி நின்றால் வறண்ட குளத்துக்கு அந்தப் பக்கம் மேலக்கரை தெரியும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் மாமியார் வீட்டு ஓலைக்கூரையும் தெரியும். ஞானம் தேடுகிறவருக்கு அந்த இடம்தான் வாய்த்தது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சி வேளையில் உலை இறங்கியதும், மடத்து ஆட்கள் கை நனைப்பதற்கு முன்னால், ஒருவர் பாறை மேல் ஏறி நின்று கூப்பிட வேண்டும். பசித்தவர்கள் எங்கிருந்தாலும் வந்து சாப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மடத்துக்காரர்கள் சாப்பிடலாம். மடத்தைக் கட்டியவர் வைத்த ஏற்பாடு அது. மீறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. யாரும் மீறிப் பார்த்ததும் இல்லை.

"ஆட்டைக் கூப்பிட்ட தொண்டை சும்மா கிடக்க வேண்டாம் அண்ணாச்சி. இனிமே நீங்க கூப்பிடுங்க" என்று வடிவம்மை அந்த வேலையை அவரிடம் கொடுத்தாள்.

முதலில் சொரிமுத்துவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. "பசிச்சவுக யாரும் உண்டுமா? மடத்துல உலை இறங்கியாச்சு! வாங்க! வாங்கோ!" என்று அவர் குரல் விட்டால், வழியில் நடந்துகொண்டிருப்பவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். காவடிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், பாத்திரம் விற்கிறவர்கள் என்று கூடம் நிறையும். கூப்பிட்டால் ஆள் வருகிறது என்பதே, எல்லாம் செத்துப்போன மனுஷனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த வருஷமும் மழை இல்லை.

வழிக் கிணறுகள் வற்றின. நடந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு நின்றே போனார்கள். தைப்பூசத்துக்குக்கூட ஒரு காவடி அந்தப் பக்கம் வரவில்லை. சோறு போய்க் குருணைக் கஞ்சி வந்தது. மடத்தில் இருந்த மற்ற இரண்டு பேரும் வடக்கே பிழைக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வடிவம்மையும் சொரிமுத்துவும் மிஞ்சினார்கள்.

கூப்பாடு மட்டும் நிற்கவில்லை. தினமும் உச்சியில் சொரிமுத்து பாறையில் ஏறினார். பொட்டல் வெளியைப் பார்த்துக் கூப்பிட்டார். கொஞ்ச நாள் காக்காய்கள் வந்தன. பிறகு அவையும் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன.

அக்கரைக்குத் தன் குரல் எட்டுமா என்று அவர் யோசித்தது உண்டு. எட்டியிருந்தால் ஒருத்தராவது வந்திருக்க மாட்டார்களா? பஞ்சம் அவர்களுக்கும்தானே? எட்டவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு வாய்தான் கூப்பிட்டது. மனசு ஒரு ஓரமாக உட்கார்ந்து, "கத்து, கத்து, உனக்கு வேற வேலை இல்லை" என்று நையாண்டி செய்துகொண்டிருந்தது. சில நாள் "வாங்கோ" என்று இழுக்கும்போது, வராத மழையையும் வராத சாமியையும் சேர்த்து மனசுக்குள் ஏசுவார். அந்த ஆத்திரத்தில் குரல் இன்னும் ஓங்கி விழும்.

மாசி மாதத்தில் ஒரு நாள், வடிவம்மை குருணையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மனுசன் எம்புட்டு நாளைக்குத்தான் நம்பிக்கிட்டே இருக்க முடியும்?"

வடிவம்மை முற்றத்து நிழலைப் பார்த்தாள். "உச்சி ஆயிட்டு. போய்க் கூப்பிட்டுட்டு வாங்க, பேசுவோம்."

கூப்பிட்டுவிட்டு வந்தார். கஞ்சியை ஊற்றினாள். குடித்து முடித்தார்கள். அவள் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாளும் கேட்டார்.

"கேட்டேனேம்மா, பதில் வரலையே."

"உலை இறங்கிட்டு அண்ணாச்சி. மொதல்ல கூப்பிடுங்க."

அன்றைக்கும் கூப்பிட்டார். அன்றைக்கும் பதில் இல்லை. கேட்கும்போதெல்லாம் இதே கதைதான். பதில் தெரியாத குருமார்கள் எல்லாரும் இப்படித்தான் சிஷ்யனை வேலைக்கு விரட்டுவார்கள் என்று சொரிமுத்துவுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், அவர் வழக்கம்போலப் பாறையில் ஏறினார். குளம் வெடித்துக் கிடந்தது. மேலக்கரையில் ஒரு கூரையும் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, கானல்தான் ஆடியது. வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்று நினைத்தார், அவ்வளவுதான், அதற்குமேல் வாய் எழவில்லை. ஆடு செத்த அன்றுகூட அழாத மனுஷன், பாறையில் குத்தவைத்து உட்கார்ந்து அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"இன்னைக்கு நான் கூப்பிடலைம்மா."

வடிவம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமேலும் கூப்பிட மாட்டேன். என்னால ஆகாது. நாளைக்கு விடியக் கெளம்புதேன்."

"எங்க?"

"எங்கயாச்சும். இங்க இருந்து காத்தைக் கூப்பிட்டுக் கஞ்சி குடிக்கதுக்கு, எங்கயாவது போயி கல்லு உடைக்கலாம்."

"சரி அண்ணாச்சி" என்றாள் வடிவம்மை.

தடுப்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். ஒரு நல்ல வார்த்தை, ஒரு கதை, ஏதாவது ஒன்று. அவளோ கஞ்சிப் பானையைத் தட்டு போட்டு மூடினாள். வழக்கமாக அடுப்புக் கங்கைச் சாம்பல் போட்டு மறுநாளைக்கென்று மூடி வைப்பவள், அன்று தண்ணீரைத் தெளித்து அணைத்துவிட்டாள்.

"கஞ்சி?" என்றார் சொரிமுத்து.

"கூப்பிடாம இங்க யாரும் குடிச்சதில்லையே."

"நீங்க கூப்பிட்டுட்டுக் குடிங்கம்மா. எனக்கு வேண்டாம்."

"எனக்குக் கத்த வராது" என்று சொல்லிவிட்டு அவள் கூடத்துத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பிடிவாதத்தில் சொரிமுத்து குறைந்தவரா? அவரும் வெளியே போய்ப் பாறை நிழலில் படுத்தார். வயிறு காந்தியது. பானையில் கஞ்சி இருக்கும்போதே பட்டினி கிடக்கிற கூத்து வேறெங்கும் நடக்குமா என்று நினைத்துக்கொண்டே கண் அயர்ந்துவிட்டார்.

வெயில் தாழ்கிற நேரத்தில், குளத்துக்குள் ஆள் ஓடி வரும் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தார்.

ஒரு பொம்பளை. செருப்பில்லாத கால். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வெடித்த சேற்றுப் பாளங்கள் மேல் தடுமாறித் தடுமாறி வந்துகொண்டிருந்தாள். கிட்டே வந்த பிறகுதான் முப்பிடாதி என்று தெரிந்தது. அவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்ததும் அவளும் நின்றாள். மூச்சு வாங்கியது. மேலும் கீழும் பார்த்தாள்.

"உசுரோடதான் இருக்கீரா?"

"ம்."

"கைகால் எல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பொறவு என்ன கேடு, வாயைத் தொறக்கதுக்கு?" என்று அவள் போட்ட சத்தத்தில் சொரிமுத்து ஓரடி பின்னால் போய்விட்டார். சத்தம் போட்ட கையோடு அவள் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நான் என்னத்தையெல்லாம் நெனச்சுட்டு ஓடியாறேன், இங்க பாத்தா நெழல்ல ஒறங்கி எந்திரிச்சு நிக்கீரு!"

சொரிமுத்து மேலக்கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, உனக்கு அங்க கேக்குமா?"

"எனக்கென்ன காதா அடைச்சுப் போச்சு? நீரு இங்க வந்த நாளையில இருந்து உம்ம கூப்பாட்டைக் கேட்டுட்டுத்தான் அடுப்படிக்கே போவேன். ஆட்டைக் கூப்பிட்ட குரலு எனக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் ஒரு நாள்கூட வரலை?"

முப்பிடாதி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "என்னையப் பேரு சொல்லியா கூப்பிட்டீரு? பசிச்சவுகளை வாங்கன்னீரு. எனக்குப் பசிக்கலை."

வளையல் முழங்கை வரை வழுக்கிப் போகும் அவள் கையை சொரிமுத்து பார்த்தார். பசிக்கவில்லையாம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவருக்கு. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அதற்குள் குளத்துக்குள் இன்னும் தலைகள் தெரிந்தன. மேலக்கரையே எழுந்து வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவர் கொம்பையா. அந்த ஊரில் வயதில் மூத்தவர். கம்பை ஊன்றி ஊன்றி வந்தார். பின்னால் வந்தவர்கள் கையில் ஏதேதோ இருந்தது. ஒருத்தியிடம் முந்தியில் முடிந்த கம்பு. ஒருத்தரிடம் கருப்பட்டி. ஒருவர் எங்கேயோ தேடிப் பிடித்த முருங்கைக்கீரையைக் கட்டாகக் கட்டித் தோளில் போட்டிருந்தார்.

வடிவம்மை வாசலுக்கு வந்தாள். "வாங்க, வாங்க. என்ன எல்லாரும் இப்படி?"

"அதை நாங்கதானம்மா கேக்கணும்" என்றார் கொம்பையா. "உச்சிக்குக் கூப்பாடு கேக்கலை. கொஞ்சம் பொறுத்துப் பாத்தோம். அப்பவும் கேக்கலை. யாருக்கும் முடியலையா, இல்ல மடத்துல தானியம் தீந்துட்டான்னு ஊரே வாசல்ல வந்து நின்னுட்டு. சரி, இருக்கதை எடுத்துட்டுப் போயிப் பாப்போம்னு வந்தோம்."

"கூப்பாடு உங்களுக்கெல்லாம் கேக்கும்னா, ஏன் யாருமே சாப்பிட வரலை?" சொரிமுத்துவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் இங்க தொண்டைத்தண்ணி வத்திக் கெடக்கேன்!"

கொம்பையா சங்கடமாகச் சிரித்தார்.

"வரணும்னுதாம்யா தினமும் நெனப்போம். காலையில எந்திரிச்சாப் பானையில ஒண்ணும் இருக்காது. இன்னைக்கு மடத்துக்குப் போயிருவோம்னு பிள்ளைகள்ட்டச் சொல்லுவோம். உச்சிக்கு உங்க சத்தம் கேக்கும். சரி, அங்க உலை கொதிக்குது, சோறு எங்கயும் ஓடிப் போயிராது, நாளைக்குப் போய்க்கிடலாம், இன்னைக்கு ஒரு நாளு கீரையையோ கெழங்கையோ அவிச்சு ஒப்பேத்துவோம்னு இருந்துருவோம். மறுநாளும் அதே கதைதான். இப்படியே பங்குனி வரைக்கும் வந்து சேந்துட்டோம்." அவர் கம்பைக் கை மாற்றிக்கொண்டார். "நாளைக்குப் போகலாம்னு ஒரு எடம் இருந்தா, இன்னைக்கு ஒரு நாளு தள்ளிரலாம் பாத்துக்கிடுங்க. இன்னைக்குச் சத்தம் கேக்கலைன்ன ஒடனே எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை."

வந்திருந்த பிள்ளைகள் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

"வந்தது வந்தாச்சு" என்றாள் வடிவம்மை. "யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது. அண்ணாச்சி, விறகு எடுங்க."

மூடி வைத்த கஞ்சிப் பானை திறந்தது. அது எந்த மூலைக்குக் காணும்? கம்பை ஒருத்தி இடித்தாள். கீரையை ஒருத்தி உருவினாள். அடுப்புக்கு நெருப்பு வேண்டும் என்றதும், பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியைக் கொம்பையா மனசில்லாமல் எடுத்துக் கொடுத்தார். பெரிய அண்டா வெகுநாளைக்குப் பிறகு அடுப்பில் ஏறியது.

உலை இறங்கியதும் எல்லாரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள்.

"என்ன?" என்றார் அவர். "அதான் எல்லாரும் இங்கயே இருக்கீயள்ல. யாரைக் கூப்பிட?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றாள் முப்பிடாதி. "ஏறிக் கூப்பிடும்."

அவர் பாறையில் ஏறினார். கீழே நிற்கிறவர்களையே பார்த்து, "பசிச்சவுக யாரும் உண்டுமா?" என்று கூப்பிட்டார். "உண்டு!" என்று பிள்ளைகள் அத்தனையும் கத்தின. சிரிப்பு அடங்கவே நேரமானது. அன்றைக்கு எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். கருப்பட்டி தொட்டுக்கொண்டு கம்மங்கஞ்சி. கீரையில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொழுது சாய மேலக்கரைக்காரர்கள் கிளம்பினார்கள். முப்பிடாதி கிளம்பவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கும் வாளி ஓட்டை, பாத்திரம் வைத்த இடம் சரியில்லை என்று குறை சொல்லவும் ஆரம்பித்திருந்தாள். தான் விடியக் கிளம்புவதாகச் சொன்னதை சொரிமுத்து யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

வடிவம்மை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, அவுகளுக்குக் கேக்குதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது."

"முப்பிடாதி கேட்டுட்டு இருக்கான்னு?"

"உங்க வீட்டம்மாவுக்கு அந்த ஊருன்னே இன்னைக்குத்தான் தெரியும்."

"நான் எத்தனை தடவை கேட்டேன், எம்புட்டு நாளைக்கு நம்பன்னு! கூப்பிடு, கூப்பிடுன்னீங்களே தவிர ஒரு பதில் சொல்லலையே?"

"தெரிஞ்சாத்தான சொல்ல!"

சொரிமுத்து திகைத்துப் போனார். "பொறவு எதை நம்பித்தான் என்னைத் தினமும் அந்தப் பாறையில ஏத்துனீங்க?"

வடிவம்மை பெருக்குவதை நிறுத்தினாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நம்பிக்கை எனக்குக் கார்த்திகையிலேயே தீந்துபோச்சு அண்ணாச்சி. இன்னையோட மடத்தைப் பூட்டிருவோம்னு நெனச்சுக்கிட்டுத்தான் தினமும் அடுப்பு மூட்டுவேன். உலை இறங்கும். நீங்க கூப்பிடுவீங்க. ஒரு ஈ காக்கா இல்லாத காட்டைப் பாத்து இந்த மனுசன் இப்படி அடிவயித்துல இருந்து கூப்பிடுதாரே, இவருக்குள்ள எம்புட்டு நம்பிக்கை இருக்கணும்னு நெனப்பேன். எனக்கே வெக்கமாப் போயிரும். சரி, இவரு கூப்பிடுத வரைக்கும் நாமளும் இருப்போம்னு மறுநாளைக்குக் குருணையை எடுத்து வச்சிருவேன்."

சொரிமுத்து வாயைத் திறந்தார். உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று அவளையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயை மூடிக்கொண்டு, நாளைய உலைக்கு விறகு பிளக்கப் போனார்.